78எல்05 சிம்பலை மாத்துனது யாரு? 50 போர்டும் படுத்துருச்சு. நீங்கல்லாம் லைப்ரரியை எப்படி வச்சுக்கிறீங்க?

கப்பலூர்_கரண்ட் | திங்கள் ராத்திரி 10:52

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. நாங்க கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு சின்ன பட்டறை, மொத்தமே 7 பேரு, போர் மோட்டாரை போன்லயே ஆன் ஆஃப் பண்ற ஸ்டார்ட்டர் கன்ட்ரோலர் போடுறோம், சோழவந்தான் வாடிப்பட்டி பக்கம் தென்னந்தோப்புக்காரங்கதான் பாதி கஸ்டமர். டிசைன் பாக்குறது நான், இன்னும் ரெண்டு பேரு. ஒரே போர்டை மூணு வருசமா போட்டுக்கிட்டு இருக்கோம், ஒரு பிரச்சனை கிடையாது. ரெண்டு மாசம் முன்னாடிதான் சர்க்யூட்டும் போர்டும் வரையிற சாப்ட்வேரை, அதான் கிகேட், 5ல இருந்து 8க்கு மாத்துனோம், சித்திரைத் திருவிழா லீவு முடிஞ்சு வந்து புது பேட்ச் 50 போர்டு சால்டர் பண்ணி மூணை எடுத்து டெஸ்ட் பண்ணா மூணும் அவுட். 5 வோல்ட் குடுக்குற குட்டி ரெகுலேட்டர் 78எல்05 கை வைக்க முடியாத சூடு, கன்ட்ரோலர் முழிக்கவே இல்ல.

அதோட சிம்பலை, அதான் ஸ்கீமாட்டிக்ல (சர்க்யூட் படத்துல) அந்தப் பார்ட்டுக்கு வைக்கிற படத்தை, தொறந்து பாத்தேன், 1 இன்புட், 2 கிரவுண்ட், 3 அவுட்புட்னு இருக்கு. டேட்டாஷீட்ல டிஓ-92 பேக்கேஜுக்கு 1 அவுட்புட், 3 இன்புட். தலைகீழ்! மூணு வருசமா ஓடுன போர்டு இப்ப மட்டும் எப்படி தப்பாகும், வெர்ஷன் மாத்துறப்ப சாப்ட்வேர்தான் சிம்பலை மாத்திருச்சுன்னு நான் சொல்றேன், முதலாளி நீதான் மாத்திருப்பேன்னு காலையில இருந்து தாளிச்சுக்கிட்டு இருக்காரு.

சிம்பலை எல்லாம் சேத்து வைக்கிற லைப்ரரி இருக்குற லட்சணத்தையும் சொல்லிர்றேன். எண்ணிப் பாத்தா 1400க்கு மேல சிம்பல். 10கே ரெசிஸ்டர் மட்டும் ஏழு விதம். "புது லைப்ரரி", "புது லைப்ரரி 2", "பைனல்", "இதைத் தொடாதே" இப்படி பேரு. ஆளாளுக்கு அவங்க டி டிரைவ்ல ஒண்ணு. இதை எங்கிட்டு இருந்து சரி பண்றது?


வைகை_வயரிங் | திங்கள் ராத்திரி 11:05

ரெகுலேட்டரை கழட்டி திருப்பி மாட்டு பங்காளி, கிரவுண்டு நடுவுலதான இருக்கு. வேலை முடிஞ்சுச்சு, போயி தூங்கு


சால்டர்_சித்தப்பா | திங்கள் ராத்திரி 11:31

மேல சொன்னது சரிதான் தம்பி, திருப்பிப் போட்டா ஓடிரும், ஆனா 50 போர்டுக்கு 150 கால் கழட்டணும், பேடு உரிஞ்சுக்கிட்டு வந்துரும், சக்கர் வச்சு உறிஞ்சாம பொறுமையா விக் போட்டு எடுக்கச் சொல்லு. கன்ட்ரோலரையும் சோதிச்சுட்டு வையி, சிலது ஒழுங்கா ஓடுற மாதிரி ஓடி ஒரு மாசத்துல காலை வாரும்.

இது நேத்து முளைச்ச வியாதி இல்ல. பெரிய 7805, அதான் டிஓ-220, எழுத்து நம்மளப் பாக்க இருந்தா இடமிருந்து வலமா இன்புட் கிரவுண்டு அவுட்புட். குட்டி 78எல்05 தட்டைப் பக்கம் நம்மளப் பாக்க வச்சா அவுட்புட் கிரவுண்டு இன்புட். பேரைப் பாத்தா அண்ணன் தம்பி, காலைப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு முறுக்கிக்கிட்டு நிக்கும். யாரோ சோம்பேறி 7805 சிம்பலைக் காப்பி அடிச்சு பேரை மட்டும் மாத்தி டிஓ-92 புட்பிரிண்ட்டை, அதான் போர்டுல கால் உக்கார்ற பேடு அமைப்பை, கட்டிருப்பான்.

டிரான்சிஸ்டர்லயும் இதே கதைதான். 2என்3904 தட்டைப் பக்கம் பாத்தா எமிட்டர் பேஸ் கலெக்டர், பிசி547 கலெக்டர் பேஸ் எமிட்டர். டவுன்ஹால் ரோட்டுல கடையில கேட்டா "அது இல்ல தம்பி, இது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்"ம்பாய்ங்க. ரெண்டும் ஒண்ணுதான், திருப்பி மாட்டணும்னு மட்டும் சொல்ல மாட்டாய்ங்க.

என் வழி என்னன்னா, லைப்ரரின்னு பெருசா வச்சுக்கவே மாட்டேன். ரெசிஸ்டர் ஒண்ணு, கெப்பாசிட்டர் ரெண்டு, டையோடு, டிரான்சிஸ்டர் பொதுவா ஒண்ணு. என்ன பார்ட் நம்பர்ங்கறது எக்செல்ல. 20 வருசமா ஈகிள்ங்கற சாப்ட்வேர்ல இப்படித்தான் ஓட்டுறேன்.


பின்_நம்பர்_ஏழு | செவ்வாய் காலை 7:18

பெங்களூர்ல இருந்து எழுதறேன், ஊரு ஒத்தக்கடைதான்.

தம்பி, சாப்ட்வேர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளு. வெர்ஷன் மாறும்போது பைல் பார்மட் மாறும், பின் நம்பர் மாறாது. 5 வரைக்கும் என்ன கதைன்னா ஸ்கீமாட்டிக் பைலுக்குள்ள சிம்பலோட படமே இருக்காது, "இந்த லைப்ரரில இந்தப் பேரு"ன்னு விலாசம் மட்டும்தான் இருக்கும், கூடவே கேச்னு ஒரு பைல் அதே போல்டர்ல கிடக்கும், அதுல இருந்துதான் படத்தை எடுக்கும். நிறைய பேரு அது என்னமோ குப்பைன்னு அழிச்சுட்டு மெயில்ல அனுப்புவாய்ங்க, தொறந்தா ரெண்டு கேள்விக்குறி போட்ட டப்பாதான் தெரியும். 2021 டிசம்பர்ல வந்த 6ல இருந்து நீ போட்ட சிம்பல் அத்தனையும் ஸ்கீமாட்டிக் பைலுக்குள்ளயே காப்பியாகி உக்காந்துரும். லைப்ரரியவே தூக்கி வைகையில போட்டாலும் படம் அப்படியே தொறக்கும்.

இதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. நீ இன்னிக்கு லைப்ரரில 78எல்05ஐத் திருத்துனா பழைய ஸ்கீமாட்டிக்ல எதுவும் மாறாது, உள்ள இருக்கறது பழைய காப்பி. டூல்ஸ் மெனுவுல அப்டேட் சிம்பல்ஸ் ஃப்ரம் லைப்ரரி குடுத்தாத்தான் மாறும். அதைக் குடுக்குறப்ப வேல்யூ பீல்டுக்கும் டிக் போட்டுறாத, உன் 10கே 4.7கே எல்லாம் வெறும் ஆர்-னு ஆயிரும். லைப்ரரில இல்லாத பீல்டை நீக்குன்னு ஒரு டிக் இருக்கு, அதைத் தொட்டா நீ கஷ்டப்பட்டு ஏத்துன பார்ட் நம்பர் பூரா காலி. எனக்கு ஒரு சனிக்கிழமையே இதுல போச்சு.

டி டிரைவ் விசயம்: லைப்ரரிக்கு முழு பாத் குடுக்காத. கே-ஐ-பி-ஆர்-ஜே-மாட்னு ஒரு வேரியபிள் இருக்கு, இப்ப தொறந்திருக்குற புராஜெக்ட் போல்டர்னு அர்த்தம். லைப்ரரியை புராஜெக்ட்டுக்குள்ளயே ஒரு போல்டர்ல வச்சு புராஜெக்ட் டேபிள்ல அந்த வேரியபிளை வச்சு சேத்துரு, யாரு மிஷின்ல தொறந்தாலும் வரும். ஒவ்வொருத்தன் மிஷின்லயும் இருக்குற குளோபல் டேபிளை நம்பாத.


கப்பலூர்_கரண்ட் | செவ்வாய் காலை 9:40

அண்ணே ரொம்ப நன்றி. ஆனா மனசு ஒத்துக்க மாட்டேங்குது. மாறலைன்னா மூணு வருசமா எப்படி ஓடுச்சு? வேலைக்கு வந்துட்டேன், முதலாளி மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு, மத்தியானம் பாக்குறேன்.


திருநகர்_தேவி | செவ்வாய் மத்தியானம் 1:12

பழைய ஜெர்பர் பைல் இருக்கா தம்பி? போர்டு போடக் குடுத்தது. அதைத் தொறந்து 78எல்05 இடத்துல இன்புட் டிராக் எந்தப் பேடுக்குப் போகுதுன்னு பாரு. சிம்பல் மாறுச்சா மாறலையான்னு அங்கயே தெரிஞ்சுரும், இதுக்கு சாமி கேக்க வேண்டியதில்ல.

சித்தப்பா சொன்ன "பொதுவா ஒண்ணு வச்சுக்க" கதைக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க, இந்த 50 போர்டு போனதே அதனாலதான். நான் வீட்ல இருந்து லேஅவுட் பண்ணிக் குடுக்குறவ, பத்துப் பதினஞ்சு பேரோட ஸ்கீமாட்டிக் என் கைக்கு வரும், அதுல பாதிப்பேரு பொது டிரான்சிஸ்டர் சிம்பலைப் போட்டுட்டு புட்பிரிண்ட்டை என்னைப் போடச் சொல்வாய்ங்க. சிம்பல்ல அம்புக்குறி அழகா இருக்கும். போர்டு அம்புக்குறியைப் பாக்காது. சிம்பல்ல பின்னுக்கு என்ன நம்பரோ அதே நம்பர் பேடுக்கு ஒயர் போகும், அவ்வளவுதான் மொத்த விசயமும். கிகேட்ல டையோடுக்கு 1 கேத்தோடு 2 ஆனோடு. வேற எங்கயாவது டவுன்லோடு பண்ணுன சிம்பல்ல 1 ஆனோடா இருந்தா படத்துல சரியா இருக்கும், போர்டுல அத்தனை டையோடும் திரும்பி நிக்கும். ஸ்கீமாட்டிக்ல தப்பு தேடுற இஆர்சி ஒரு வார்த்தை சொல்லாது, ஏன்னா அதுக்கு இது தப்பே இல்ல.

என் வழி: கால் மூணு அல்லது அதுக்கு மேல இருக்குற எதுவா இருந்தாலும் ஒரு பார்ட் நம்பருக்கு ஒரு சிம்பல், புட்பிரிண்ட் உள்ளயே கட்டி, டேட்டாஷீட் லிங்க்கோட. பிசி547க்கு ஒண்ணு, 2என்3904க்கு ஒண்ணு. படம் ஒண்ணாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். 78எல்05க்கே டிஓ-92 ஒண்ணு, எஸ்ஓ-8 ஒண்ணு, எஸ்ஓடி-89 ஒண்ணுன்னு கிகேட்டோட சொந்த லைப்ரரிலயே தனித்தனியா இருக்கு, வேலை மெனக்கெட்டு எதுக்கு அப்படி வச்சுருக்காங்க?

இன்னொன்னு. எனக்கு வந்த ஒரு ஸ்கீமாட்டிக்ல எல்எம்339 போட்டுருந்தாரு ஒருத்தரு, சிம்பல் எல்எம்324ல இருந்து காப்பி. ரெண்டும் 14 கால், ரெண்டுலயும் உள்ள நாலு முக்கோணம், ஒண்ணுதானேன்னு நினைச்சுட்டாரு. 324க்கு பவர் 4லயும் 11லயும், 339க்கு 3லயும் 12லயும். அதுபோக 339 ஓபன் கலெக்டர், மேல புல்அப் ரெசிஸ்டர் இல்லைன்னா அவுட்புட் ஏறவே ஏறாது. பின்னோட எலக்ட்ரிக்கல் டைப்பும் 324ல இருந்தே வந்ததால சிம்பல் அதைச் சாதா அவுட்புட்னே நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லவேளை நான் டேட்டாஷீட்டை எடுத்துப் பாத்தேன்.


சால்டர்_சித்தப்பா | செவ்வாய் சாயங்காலம் 6:20

கோவம் எதுக்கும்மா, நீ சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ரெசிஸ்டருக்கும் 10கே 1 பர்சன்ட் 0805 இன்ன கம்பெனின்னு தனித்தனியா போட ஆரம்பிச்சா ஆயுசு பத்தாது. கடைக்காரன் எந்தக் கம்பெனி ரீல் குடுப்பான்னு கடவுளுக்கே தெரியாது.


திருநகர்_தேவி | செவ்வாய் சாயங்காலம் 6:34

ரெண்டு காலுக்கு நான் எதுவும் சொல்லலையே சித்தப்பா. ரெசிஸ்டரை எப்படித் திருப்புனாலும் ரெசிஸ்டர்தான். டையோடு எல்இடி எலக்ட்ரோலிட்டிக் மூணும் நீங்கலா.


சால்டர்_சித்தப்பா | செவ்வாய் சாயங்காலம் 6:51

அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சிதான் போல. எனக்கு வேற கவலை, ஈகிள் 2026 ஜூன் 7ஓட நிறுத்தறதா ஆட்டோடெஸ்க் சொல்லிட்டாய்ங்க. என் 20 வருச லைப்ரரி அதுலதான் கிடக்கு.


பின்_நம்பர்_ஏழு | செவ்வாய் ராத்திரி 8:15

ஈகிள் புராஜெக்ட்டை கிகேட்லயே இம்போர்ட் பண்ணலாம் சித்தப்பா, 2018ல வந்த 5லயே அந்த வசதி வந்துருச்சு. ஆனா இம்போர்ட் பண்ணுனதை அப்படியே லைப்ரரின்னு வச்சுக்காதீங்க. அங்க பின் ஒரு பேரு, பேடு ஒரு பேரு, நடுவுல எது எதுக்குன்னு ஒரு கனெக்ட் லிஸ்ட் இருக்கும். இங்க நடுவுல ஆளே கிடையாது, நம்பருக்கு நம்பர் நேருக்கு நேர். ஏ, கே-ன்னு எழுத்துல இருக்குற பேடை எல்லாம் ஒரு தடவை கண்ணால பாத்துருங்க.

கிகேட்டை 1992ல ழான்-பியர் ஷாராஸ்னு ஒரு பிரெஞ்சு வாத்தியார் ஆரம்பிச்சாரு, 2013ல இருந்து செர்ன் ஆய்வுக்கூடமும் கை குடுத்துச்சு. யாரோ ஒரு கம்பெனி வாங்கி ஒரு நாள் இழுத்து மூடுற பயம் இல்ல, அந்த நிம்மதிக்கே நான் மாறுனேன்.


மாட்டுத்தாவணி_மைக்ரோ | செவ்வாய் ராத்திரி 9:02

அண்ணா நான் பைனல் இயர். சின்ன டவுட், நானே ஒரு சிம்பல் வரைஞ்சேன், ஒயர் பின்னு மேலயே போய் நிக்குது, ஆனா கனெக்ட் ஆகல, இஆர்சி பின் கனெக்ட் ஆகலைன்னு கத்துது. அப்புறம் 74எச்சி ஐசி ஒண்ணு பழைய லைப்ரரில இருந்து எடுத்தேன், பவர் பின்னே காணோம், 5 வோல்ட்டை எங்க குடுக்குறது?


பின்_நம்பர்_ஏழு | செவ்வாய் ராத்திரி 9:20

முதல் டவுட்டு, கிரிட். நீ மில்லிமீட்டர் கிரிட்ல வரைஞ்சுருப்ப. பின்னை 100 மில் கிரிட்ல வையி, அதாவது 2.54 மிமீ, ஸ்கீமாட்டிக்ல 50 மில் வச்சுக்க. கண்ணுக்கு ஒட்டுன மாதிரி இருக்கும், முடி அளவு தள்ளி இருந்தாலும் அதுக்கு ஒட்டலைன்னுதான் கணக்கு.

ரெண்டாவது, ஒளிச்சு வச்ச பின். பழைய ஆளுக படம் சுத்தமா இருக்கணும்னு விசிசி, கிரவுண்டு பின்னை மறைச்சு வச்சுருவாய்ங்க, அது விசிசின்னு பேர் இருக்குற நெட்டோட தானா சேந்துக்கும். உன் சர்க்யூட்ல சப்ளை பேரு +5வி-ன்னு இருந்தா அது விசிசியோட சேராது, ஐசிக்கு கரண்டே போகாது. மறைச்ச பின் உள்ள சிம்பலைக் கண்டா எடிட்டர்ல தொறந்து வெளிய கொண்டுவந்துட்டு மறு வேலை பாரு.


கப்பலூர்_கரண்ட் | செவ்வாய் ராத்திரி 11:48

தேவி அக்கா, ஜெர்பர் கிடைச்சுருச்சு. மூணு வருசத்துக்கு முந்துன முத பேட்ச்.

அதுலயும் தப்புதான்.

12 வோல்ட் டிராக் பேடு 1க்குத்தான் போகுது, இப்ப இருக்குற மாதிரியே, அச்சு அசல். யாரும் எதையும் மாத்தல. அப்ப இத்தனை வருசம் சோழவந்தான்ல ஓடிக்கிட்டு இருக்குற போர்டு எல்லாம் எப்படி ஓடுது? மண்டை காயுது.


திருநகர்_தேவி | புதன் காலை 6:55

சிம்பல் மாறல, போர்டு மாறல. வேற என்னதான் மாறுச்சு? சால்டர் பண்றது யாரு? அவங்களைப் போயி கேளு.


கப்பலூர்_கரண்ட் | புதன் மத்தியானம் 2:30

அக்கா உங்க கால் எங்க இருக்கு, விழுந்து கும்புடணும்.

எங்க பட்டறையில சால்டர் பண்றது ஒரு அக்கா, எட்டு வருசமா இருக்காங்க, நாங்க எல்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்தே. அழகர் ஆத்துல எறங்குற வாரம் ஊருக்குப் போனவங்க இன்னிக்குத்தான் வந்தாங்க. அவங்க இல்லாதப்ப புதுசா சேந்த பையன்தான் 50 போர்டையும் போட்டான், போர்டுல அரைவட்டம் எந்தப் பக்கம் பிரிண்ட் ஆயிருக்கோ அப்படியே பாத்து ஒழுங்கா போட்டுருக்கான், பாவம்.

அக்கா டிபன் பாக்ஸை வைக்கிறதுக்கு முன்னாடியே போர்டைக் காட்டி கேட்டேன். ஒரே பார்வைதான். "அட கூறுகெட்டவனே, இந்தக் குட்டியைத் திருப்பில்ல போடணும். படத்துல எப்பவும் திரும்பித்தான் இருக்கும், நான் மாத்திப் போட்டுருவேன்"னாங்க. எப்ப இருந்துக்கான்னு கேட்டா முத போர்டுல இருந்துன்னாங்க. ஏங்க்கா யாருகிட்டயும் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னேனே, அப்ப இருந்த தம்பிகிட்ட, சரிக்கா அடுத்த தடவை மாத்திர்றேன்னுச்சு, அது கல்யாணம் ஆகி கோயம்புத்தூர் போயிருச்சு."

முதலாளி பக்கத்துலதான் நின்னாரு. ஒண்ணுமே பேசல, டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு.


வைகை_வயரிங் | புதன் மத்தியானம் 2:41

மூணு வருசமா அந்த அக்காதான்யா உங்க லைப்ரரி


சால்டர்_சித்தப்பா | புதன் மத்தியானம் 3:15

கண்ணு கலங்கிருச்சு தம்பி. அந்தம்மாவுக்கு இன்னும் என்னென்ன தெரியும்னு உக்கார வச்சு ஒரு நோட்டுல எழுது முதல்ல. இது ஒண்ணா மட்டும் இருக்காது.


பின்_நம்பர்_ஏழு | புதன் ராத்திரி 9:30

ஒரு நிமிசம், அவசரப்பட்டு சிம்பலைத் திருத்தி அடுத்த பேட்ச் போட்டுறாத. நீ சரியான போர்டைக் கொண்டு வந்து குடுத்தா அந்த அக்கா கை பழக்கத்துல அதையும் திருப்பித்தான் போடும். சர்வீஸுக்குத் திரும்பி வர்ற பழைய போர்டுல அது திரும்பித்தான் இருக்கணும், புது போர்டுல நேரா இருக்கணும். ரெண்டும் ஒரே டேபிள்ல கிடந்தா முடிஞ்சுச்சு கதை. ரிவிஷன் எழுத்தை மாத்து, கண்ணுக்குத் தெரியிற மாதிரி பெருசா பிரிண்ட் பண்ணு, முடிஞ்சா போர்டு கலரையே மாத்து.

லைப்ரரியை கிட்ல (Git, பைல்ல மாத்துனதை எல்லாம் கணக்கு வைக்கிற சாப்ட்வேர்) போட்டுருங்க. சிம்பல் லைப்ரரி வெறும் டெக்ஸ்ட் பைல்தான், எந்த பின் எப்ப யாரால மாறுச்சுன்னு வரி வரியா தெரியும், அடுத்த தடவை முதலாளி நீதான்னு சொன்னா காட்டலாம். ஒண்ணு மட்டும் பாத்துக்க, புட்பிரிண்ட் ஒண்ணுக்கு ஒரு பைலா தனித்தனியா கிடக்கும், நீ வச்சுருக்குற 8ல சிம்பல் அப்படி இல்ல, ஒரு லைப்ரரி பூரா ஒரே பைல், ரெண்டு பேரு ஒரே நேரத்துல கை வச்சா முட்டிக்கும். அதனால ஐசிக்கு ஒரு லைப்ரரி, கனெக்டருக்கு ஒண்ணு, ரிலே டிரான்ஸ்பார்மருக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கங்க. 7ல வந்த டேட்டாபேஸ் லைப்ரரி பத்தி யாராவது சொல்வாய்ங்க, மூணு பேருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுற வேலை.


கப்பலூர்_கரண்ட் | மூணு வாரம் கழிச்சு, சனி சாயங்காலம் 5:10

என்ன ஆச்சுன்னு நாலஞ்சு பேரு கேட்டீங்க, அதான் வந்தேன்.

1400ஐ சுத்தம் பண்ண முயற்சியே பண்ணல. மொத்தத்தையும் "பழசு"ன்னு ஒரு போல்டர்ல தூக்கிப் போட்டுட்டு டேபிள்ல இருந்து எடுத்துட்டோம். காலி லைப்ரரில இருந்து ஆரம்பிச்சோம், எங்க ரேக்குல டப்பாவுல உண்மையிலயே இருக்குற பார்ட்டுக்கு மட்டும் சிம்பல். இப்ப 63 இருக்கு, நாங்க போடுற மூணு புராடக்ட்டுக்கும் அது போதும்னு இப்பத்தான் தெரியுது. ஒருத்தன் வரைவான், இன்னொருத்தன் டேட்டாஷீட்டை பிரிண்ட் எடுத்து பேனாவால ஒவ்வொரு காலா டிக் போடுவான், அந்தத் தாள் பைல்ல இருக்கும். "பாத்தது"ன்னு ஒரு பீல்டு வச்சு அதுல பாத்தவன் பேரு. அது காலியா இருந்தா ஸ்கீமாட்டிக்ல போடக்கூடாது.

சித்தப்பா சொன்ன மாதிரி அக்காகிட்ட நோட்டைக் குடுத்து உக்காந்தோம். நாலு விசயம் வந்துச்சு. அதுல ஒண்ணு, எல்டி1117 ரெகுலேட்டரை டிஓ-220ல போட்ட பழைய மாடல். 7805னா டேப், அதான் முதுகுல இருக்குற தகடு, கிரவுண்டு, ஹீட்சிங்க்கோட சேத்து பாடியில முடுக்கிரலாம், 1117க்கு டேப் அவுட்புட்டு, அப்படியே முடுக்குனா பாடியில ஷார்ட். அக்கா அதுக்கு அடியில மைக்கா ஷீட் வெட்டி வச்சு மாட்டிக்கிட்டு இருந்துருக்காங்க, எங்க பார்ட்ஸ் லிஸ்ட்ல மைக்கான்னு ஒரு வார்த்தை கிடையாது. அவங்களே மாசாமாசம் கடையில வாங்கிக்கிட்டு சில்லறைக் கணக்குல எழுதிக்கிட்டு இருந்தாங்க.

புது போர்டு போன வாரம் வந்துருச்சு, பச்சைக்குப் பதிலா நீலம், ரிவிஷன் டி. முத போர்டை அக்காகிட்டதான் குடுத்தேன். 78எல்05ஐ எடுத்தாங்க, கை தானா திருப்புச்சு, அப்படியே நிறுத்தி நீலத்தை ஒரு தடவை பாத்தாங்க, மறுபடி நேரா பிடிச்சு காலை உள்ள விட்டாங்க. "இப்பத்தான்டா படம் ஒழுங்கா வரைஞ்சுருக்கீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த போர்டை எடுத்துட்டாங்க.

சிம்பல் லைப்ரரில 78எல்05 "பாத்தது" பீல்டுல இப்ப அவங்க பேருதான் இருக்கு.


மாட்டுத்தாவணி_மைக்ரோ | சனி சாயங்காலம் 5:26

அண்ணா அந்த 63 சிம்பல் லைப்ரரியை ஷேர் பண்ணுவீங்களா?


கப்பலூர்_கரண்ட் | சனி சாயங்காலம் 5:40

தர்றேன் தம்பி, ஆனா "பாத்தது" பீல்டை எல்லாம் காலி பண்ணிட்டுத்தான் தருவேன்.